ஊரார் பிள்ளை

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று ஒரு பழமொழி உண்டு. இதற்குச் சில புலவர்கள் சுவையான பொருள் ஒன்று சொல்வார்கள். ஊரார் பிள்ளை என்பது வேறு யாரும் இல்லையாம். யாரோ பெற்று வளர்த்து நம் வீட்டுக்கு அனுப்பி வைத்த மனைவிதானாம். கருவுற்றிருக்கும் அவளுக்கு நல்லபடியாக ஊட்டினால், வயிற்றில் இருக்கும் தன் பிள்ளை தானே வளர்ந்துவிடுமாம். கெட்டிக்காரத்தனமான பொருள்தான். ஆனால் பழமொழியைச் செய்தவர்கள் இவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்திருப்பார்களா என்பது என் சந்தேகம். அவர்கள் ஊரார் பிள்ளை என்று சொன்னபோது ஊரார் பிள்ளையைத்தான் நினைத்திருப்பார்கள்.

அந்த நேரான பொருளில் நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அது நம்மிடம் காசு கேட்கிறது. மனைவிக்கு ஊட்டுவது வீட்டுச் செலவு. ஊரார் பிள்ளைக்கு ஊட்டுவது யார் செலவு? பெற்றவர்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால், பகல் முழுவதும் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவை யார் ஏற்பது? பெற்றவளா, பெற்றவனா, வேலை கொடுத்த முதலாளியா, சர்க்காரா, பிள்ளையே இல்லாத அடுத்த வீட்டுக்காரரா? சில மாதங்களாக இந்தக் கேள்வியை என் நண்பர்களிடம் கேட்டு வருகிறேன். பெரும்பாலோர் பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் கோபப்படுகிறார்கள். கோபம் வருகிற இடத்தில் ஏதோ ஒரு தர்மம் புதைந்து கிடக்கிறது என்பது கதை எழுதிப் பிழைக்கிற எனக்குத் தெரிந்த சிறு இரகசியம். ஆகவே அந்த இடத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் வீட்டுக் கணக்கு. என் நண்பர் ஒருவர் கணக்கு எழுதியே தலை நரைத்தவர். அவருடைய மருமகள் மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் ரசீது போடும் வேலை பார்க்கிறாள். குழந்தைக்கு ஒன்றரை வயது. ஒரு நாள் நண்பர் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து எனக்கு முன்னால் கணக்குப் போட்டுக் காட்டினார்.

“சம்பளம் பதினையாயிரம் சார். குழந்தையைப் பார்த்துக்கிற இடத்துக்கு மாசம் நாலாயிரம். பஸ்ஸு, வெளியில சாப்பாடு, அது இதுன்னு இரண்டாயிரம். மிச்சம் ஒன்பதாயிரம். இந்த ஒன்பதாயிரத்துக்காகப் பச்சைப் பிள்ளையை விட்டுட்டுப் போகணுமா? நீங்களே சொல்லுங்க.”

“உங்கள் பையன் சம்பளம் எவ்வளவு?” என்று கேட்டேன்.

“அதை எதுக்கு சார் இதுல கொண்டு வர்றீங்க?” என்றார் அவர். உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

நாற்பது வருஷம் கணக்கு எழுதிய மனிதர் அவர். வரவு ஒரு பக்கமும் செலவு ஒரு பக்கமும் சரியாக இருக்க வேண்டும் என்பதில் ஒரு பைசாவுக்கும் விட்டுக்கொடுக்காதவர். அப்படிப்பட்டவர் கூட, இருவருக்கும் பிறந்த குழந்தையின் செலவை ஒருத்தியின் வரவில் மட்டும் கழித்தார். இதை அவர் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் வீடுகள் எல்லாவற்றிலும் இந்தக் கணக்கு இப்படித்தான் எழுதப்படுகிறது. வீட்டு வாடகையை யாரும் மனைவியின் சம்பளத்தில் மட்டும் கழிப்பதில்லை. மோட்டார் சைக்கிள் தவணையைக் கழிப்பதில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவை மட்டும் அவள் பக்கத்தில் எழுதுகிறோம். அதன் பொருள் என்ன? குழந்தையைப் பார்ப்பது அவள் வேலை. அவள் வெளியே போவதால் அந்த வேலைக்கு மாற்று ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. மாற்று ஆளின் கூலியை அவள்தான் தர வேண்டும். இவ்வளவும் அந்த ஒரு கழித்தலுக்குள் இருக்கிறது.

2019-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தியது. மக்கள் ஒரு நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பதைக் கேட்டு எழுதினார்கள். கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிஷம் செலவிடுகிறார்கள் என்றும், அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷம் செலவிடுகிறார்கள் என்றும் கணக்கு வந்தது. அந்தக் கணக்கின் இன்னொரு வடிவம்தான் என் நண்பரின் துண்டுக் காகிதம்.

வீட்டில் எழுதிய இந்தக் கணக்கையே சட்டமும் எழுதியது என்பதுதான் வேடிக்கை. மதுரை ஆலைகளின் ஊர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1890-களில் ஹார்வி மில் நூல் நூற்கத் தொடங்கியது. பிறகு மீனாட்சி மில், மகாலட்சுமி மில் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பஞ்சாலைகளில் பெண்களும் வேலை பார்த்தார்கள். கண்டு சுற்றுவதும் சிட்டம் போடுவதும் பெரும்பாலும் அவர்கள் வேலை. நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷம், 1948-இல், தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில், ஆறு வயதுக்கு உட்பட்ட அவர்கள் குழந்தைகளுக்கென்று ஓர் அறை இருக்க வேண்டும்; அதில் வெளிச்சமும் காற்றும் வேண்டும்; குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற ஒரு பெண் பொறுப்பில் இருக்க வேண்டும்; தாய்மார் இடையிடையே வந்து பால் கொடுக்க வசதி செய்யலாம். இப்படி அன்போடு எழுதப்பட்ட சட்டம் அது. எழுதியவர்களின் மனத்தை நாம் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஓர் எண் இருந்தது. ஐம்பது பெண்கள். ஒரு முதலாளி மனம் கல்லாக இல்லாவிட்டாலும், கணக்குத் தெரிந்தவராக இருந்தாலே போதும். ஐம்பதோடு நிறுத்திக்கொண்டால் அறை வேண்டாம், ஆயா வேண்டாம், பால் வேண்டாம் என்பது அவருக்கு விளங்கிவிடும். 1976-இல் அந்த எண்ணை முப்பதாகக் குறைத்தார்கள். உடனே முப்பது என்பது வசதியான எண்ணாயிற்று. எந்த ஆலையின் பேரையும் சொல்லி நான் இதைக் கூறவில்லை. நாடெங்கும் பஞ்சாலைகளில் பெண்களின் எண்ணிக்கை பல பத்தாண்டுகள் தேய்ந்துகொண்டே வந்தது. இரவு வேலைக்கு இருந்த தடை, புதிய யந்திரங்கள் என்று அதற்குக் காரணங்கள் பல. ஆயினும் தாய்க்கென்று வந்த செலவு தாயின் தலையில் மட்டும் கட்டப்பட்டதும் அவற்றுள் ஒன்று என்று தொழிலாளர் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஆலையில் தகப்பன்மாரும் வேலை பார்த்தார்கள் அல்லவா? அவர்களுக்கும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருந்தன அல்லவா? சட்டம் அவர்களை எண்ணவில்லை. என் நண்பர் மருமகளின் வரவில் மட்டும் கழித்ததைப் போலவே, சட்டமும் பெண்களை மட்டும் எண்ணியது. 2017-இல் பேறுகால உதவிச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் ஆணும் பெண்ணுமாக ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று எழுதினார்கள். அதே திருத்தத்தில் பேறுகால விடுப்பு பன்னிரண்டு வாரத்திலிருந்து இருபத்தாறு வாரம் ஆயிற்று. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டங்கள் அவற்றுள் அடங்கிவிட்டன. அவற்றிலும் இந்தப் பொதுவான எண்ணிக்கைதான் இருக்கிறது. குழந்தைக்குத் தகப்பனும் உண்டு என்பதை எண்ணிப் பார்க்க 1948-லிருந்து 2017 வரை, அறுபத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது!

இதிலும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. ஐம்பது பேர் வேலை செய்யும் இடம் மதுரையில் எத்தனை? மாசி வீதிகளில் நடந்து பாருங்கள். ஐந்து பேர், எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் வேலை செய்யும் கடைகளே வரிசை வரிசையாக இருக்கின்றன. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்ணும், அப்பளம் இடும் பெண்ணும் தங்கள் வீட்டுத் திண்ணையிலேயே தொழிலாளிகள். அவர்களை எந்தச் சட்டத்தில் எண்ணுவது?

இந்தச் சிக்கலை உலகம் முன்பே கண்டுகொண்டது. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1952-இல் செய்த பேறுகாலப் பாதுகாப்பு உடன்படிக்கையில், உதவித்தொகையின் சுமை எந்தச் சந்தர்ப்பத்திலும் தனியொரு முதலாளியின் தலையில் விழக்கூடாது என்று ஒரு விதி வைத்தார்கள். முதலாளி மேல் இரக்கப்பட்டு வைத்த விதி அன்று அது. அவர் தலையில் கட்டினால் அவர் அந்தப் பெண்ணை வேலைக்கே எடுக்க மாட்டார் என்பது தெரிந்து வைத்த விதி. நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டின் ஈட்டுறுதிச் சட்டம் இந்த வழியில்தான் அமைந்தது. அதன் கீழ் வந்த முதலாளிகளும் தொழிலாளரும் ஒரு பொது நிதியில் சந்தா கட்டினார்கள். பிள்ளை பெறுகிறவளுக்கு அந்த நிதியிலிருந்து பணம் போயிற்று. அந்த நிதிக்குப் பிள்ளை பெறாதவன் சந்தாவும் உண்டு. கிழவன் சந்தாவும் உண்டு. யாரும் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை. ஆக, பிரசவத்தின் செலவைப் பொதுவில் வைக்க நாம் கற்றுக்கொண்டோம். பிரசவத்துக்குப் பிறகு வருகிற ஐந்து வருஷத்தைப் பொதுவில் வைக்கத்தான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, “இதெல்லாம் பெண்கள் உத்தியோகம் பார்க்க வந்த பிறகு உண்டான பிரச்னை. முன்பெல்லாம் இது ஏது?” என்று கேட்கலாம். அவரை நான் மதுரைக்கு வெளியே அழைத்துப் போக விரும்புகிறேன். பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிந்து அதன் தண்ணீர் இந்தச் சமவெளிக்கு வந்த நாள் முதல், மேலூர்ப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவர்கள் பெண்களே. வரப்போரத்துக் கருவேல மரத்திலோ வேப்ப மரத்திலோ பழஞ்சேலையைக் கட்டித் தூளி போட்டு, அதில் பிள்ளையைக் கிடத்திவிட்டுத்தான் அவர்கள் சேற்றில் இறங்கினார்கள். பாரிஸ் நகரத்தில் 1844-இல் மார்போ என்ற மனிதர் ஏழைத் தாய்மாருக்காகக் குழந்தைக் காப்பகம் ஒன்று திறந்தார். அதற்கு அவர் வைத்த பெயருக்கு மாட்டுத் தொழுவத்தின் தீவனத் தொட்டி என்று பொருள். இயேசு குழந்தையைக் கிடத்திய தொட்டி அது. அந்தச் சொல்லைத்தான் உலகம் இன்றும் குழந்தைக் காப்பகத்துக்கு வழங்குகிறது. அங்கே தீவனத் தொட்டி. இங்கே வேப்ப மரத்துத் தூளி. ஏழைத் தாய் எல்லாக் காலத்திலும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். நடுத்தர வீட்டுப் பெண் பாங்கியில் வேலைக்கு அமர்ந்த அன்றுதான் நாம் அதைப் பிரச்னை என்று பேர் சூட்டிப் பேச ஆரம்பித்தோம்.

மதுரை மல்லிகைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்த மல்லிகை மொட்டாக இருக்கும்போதே பறிக்கப்பட வேண்டும். விடியுமுன் ஆட்கள் தோட்டத்தில் இறங்கியாக வேண்டும். திருமங்கலம் பக்கத்தில் மொட்டுப் பறிக்கும் ஒரு பெண்ணிடம் ஒரு முறை பேசிக்கொண்டிருந்தேன். “பிள்ளையை யாரம்மா பார்த்துக்கொள்கிறார்கள்?” என்று கேட்டேன். “மூத்தவ இருக்காள்ல ஐயா, அவ பாத்துக்குவா” என்றாள். மூத்தவளுக்கு எத்தனை வயது என்று கேட்டேன். “பத்து முடிஞ்சிருச்சு” என்று கொஞ்சம் பெருமையோடு பதில் வந்தது. அந்தப் பெருமையின் முன்னால் நான் மேலே எதுவும் கேட்கவில்லை.

ஆனால் உங்களிடம் சொல்லலாம். தம்பியைப் பார்த்துக்கொள்ளும் செலவு நம் நாட்டில் வெகு காலமாகக் கட்டப்பட்டுத்தான் வருகிறது. சர்க்கார் கட்டவில்லை, முதலாளி கட்டவில்லை, தகப்பன் கட்டவில்லை. பத்து வயதுச் சிறுமி கட்டுகிறாள். காலையில் தூங்க வேண்டிய நேரத்தில் கட்டுகிறாள். பள்ளிக்கூடத்தில் முதல் மணிக்குப் போகாமல் கட்டுகிறாள். பிறகு ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் கட்டுகிறாள். அவளுடைய பேர் எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் வருவதில்லை. பாட்டிமாரும் இப்படியே கட்டுகிறார்கள். முதுகு வலிக்கிறது என்று அப்பத்தா சொன்னால் வயதாகிவிட்டது என்கிறோம். அவள் பேரனை நாளைக்கு எத்தனை முறை தூக்கி இறக்குகிறாள் என்று எண்ணுவதில்லை. ஆகவே, குழந்தைக் காப்பகத்துக்குப் பொதுப் பணம் செலவிட்டால் புதிதாக ஒரு செலவு முளைக்கும் என்பது சரியான பேச்சு அன்று. இருக்கிற செலவு ஒரு சிறுமியின் தோளிலிருந்து இறங்கும். அவ்வளவுதான்.

அடுத்து நம் பண்பாட்டை முன்னே நிறுத்துகிறவர்கள் வருவார்கள். பிள்ளையைப் பெற்றவள்தான் வளர்க்க வேண்டும், அதுவே தமிழர் முறை என்பார்கள். இவர்கள் தமிழைக் கொஞ்சம் மறந்துவிட்டார்கள் என்று அஞ்சுகிறேன். பழந்தமிழ் அகப்பாட்டுகளில் ஒரு பெண்ணுக்கு இரண்டு தாய்மார் உண்டு. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தலைவி வீட்டை விட்டுப் போனபோது பெற்றவள் மட்டும் அழவில்லை. தேடிக்கொண்டு காட்டு வழியில் போகிறவளாகப் புலவர்கள் படைத்தது செவிலியைத்தான். பெறாதவளுக்கும் தாய் என்ற பேரைத் தந்து, அவள் துக்கத்தையும் பாட்டாக்கிய மொழி இது. இன்று ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவரைச் செவிலியர் என்று மரியாதையாக அழைக்கிறோம். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு அந்தச் சொல்லும் இல்லை. ஆயா என்று கூப்பிட்டு விடுகிறோம்.

மதுரைக்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவுபடுத்தலாம். குமரகுருபரர் மீனாட்சியம்மையைக் குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார். திருமலை நாயக்கர் சபையில் அது அரங்கேறியபோது அம்மையே சிறு பெண்ணாக வந்து முத்துமாலை அணிவித்தாள் என்பது இந்த ஊரின் ஐதிகம். பிள்ளைத்தமிழில் முதல் பருவம் எது? காப்புப் பருவம். செங்கீரை ஆடுவதற்கும், தாலாட்டுக் கேட்பதற்கும், சப்பாணி கொட்டுவதற்கும் முன்னால் குழந்தையைக் காக்கும்படி தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைப்பார்கள். ஒரு தெய்வத்தை அழைத்து விட்டுவிடுவதில்லை. அழைத்துக்கொண்டே போவார்கள். குழந்தையைக் காப்பது ஒருவரால் ஆகிற காரியம் இல்லை என்பது அந்தப் புலவர்களுக்குத் தெரிந்திருந்தது. உலகத்தையே ஈன்றவள் என்று போற்றப்படும் அம்மைக்கே இத்தனை பேர் காவல் தேவையானால், ஜவுளிக் கடையில் ரசீது போடுகிறவளின் குழந்தைக்கு ஒரு காப்பகம் கேட்பது அதிகமா?

இனிக் கடைசிக் கேள்வி. நியாயமான கேள்வியும் இதுதான். “பிள்ளை அவர்கள் சந்தோஷம். அதற்கு என் வரிப்பணம் ஏன்?” இதைக் கேட்டவர் பிள்ளையில்லாத ஒரு நண்பர். குரலில் கசப்பு இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது. நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: “பள்ளிக்கூடத்துக்கு உங்கள் வரிப்பணம் போகிறதே, அதை ஏன் கேட்கவில்லை?” அவர் யோசித்தார். “பள்ளிக்கூடம் நாட்டுக்கு வேண்டியது அல்லவா?” என்றார். ஐந்து வயது நிறைந்த அன்று நாட்டுச் சொத்தாகிற பிள்ளை, நான்கு வயது பதினொரு மாதத்தில் பெற்றோரின் சொந்தப் பொழுதுபோக்காக இருந்தது எப்படி? பிறந்த நாளன்று அதன் சொரூபமே மாறிவிடுகிறதா?

தமிழ்நாட்டில் இந்த எல்லைக்கோடு மெல்ல மெல்ல அழிந்து வந்திருக்கிறது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு வந்தபோது, சோறு போடுவது பெற்றவர்கள் வேலை அல்லவா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1980-இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. பள்ளிக்கூடத்தையே எட்டிப் பார்க்காத, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு தந்தார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தையையும் பந்தியில் உட்கார வைத்தது. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கிய இடம் இந்த மதுரையின் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளி. ஒவ்வொரு முறையும் இது பெற்றோர் கடமை அல்லவா என்ற கேள்வி எழுந்தது. சில வருஷத்துக்குள் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களே அதை மறந்தார்கள். கேள்விக்கு யாரும் பதில் சொல்லித் தோற்கடிக்கவில்லை. குழந்தைகள் சாப்பிட்டார்கள், கேள்வி தானாக ஓய்ந்தது.

பணம் இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் யுத்த தளவாடம் செய்யப் பெண்கள் தேவைப்பட்டார்கள். உடனே சர்க்கார் பணத்தில் குழந்தைக் காப்பகங்கள் எழுந்தன. தாய்மார் சொற்பக் கட்டணம் கட்டினால் போதும். யுத்தம் முடிந்தது. 1946-இல் அந்தப் பணத்தை நிறுத்தினார்கள். குழந்தைகள் அப்படியேதான் இருந்தார்கள், தாய்மாரும் இருந்தார்கள். அவர்கள் உழைப்பு நாட்டுக்கு வேண்டும் என்ற நினைப்புத்தான் போயிற்று. ஆக, பெட்டியில் பணம் இருக்கிறதா என்பதைவிட, அந்தப் பெண்ணின் வேலையை நாம் வேலை என்று மதிக்கிறோமா என்பதே இதில் பெரிய கேள்வி.

உதவுவது என்று ஆனபின் பணமாகக் கொடுப்பதா, இடமாகக் கொடுப்பதா? இதிலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில் ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழக சர்க்கார் பணம் தந்தது. 2006-இல் ஆறாயிரம் ரூபாயாக இருந்த அந்த உதவி 2011-இல் பன்னிரண்டாயிரம் ஆனது; பிறகு பதினெட்டாயிரம் ஆனது. 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வந்தது. அதற்கு உரிமைத் தொகை என்று பேர் வைத்தார்கள். உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கையில் பணம் இருப்பது ஒரு சுதந்திரம். ஆயினும் இல்லாத பண்டத்தைப் பணம் வாங்கித் தராது. திருமங்கலத்துத் தோட்டக்காரியிடம் ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டால், விடியற்காலை நாலு மணிக்குக் குழந்தையை வைத்துக்கொள்ளும் இடத்தை அவள் எங்கே போய் வாங்குவாள்?

இடம் இருக்கிறது. அங்கன்வாடி இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய திட்டம் அது. மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் பலர் அதைப் பால்வாடி என்றே சொல்வார்கள். அங்கன்வாடி என்றால் முற்றத்துத் தோட்டம் என்று பொருள். பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளைத் தேடிப் பள்ளிக்கூடம் அவர்கள் முற்றத்துக்கே போக வேண்டும் என்று மராட்டியத்தில் தாராபாய் மோடக் என்ற அம்மையார் நடத்திக் காட்டிய வழி அது. ஆனால் இன்றைய முற்றம் காலையில் தாமதமாகத் திறக்கிறது. மாலைக்கு முன்பே மூடுகிறது. தாயின் வேலை நேரம் அதற்குள் அடங்குவதில்லை. கைக்குழந்தைக்கு அங்கே பகல் முழுவதும் தங்க இடமில்லை. வீட்டுக்கு எடுத்துப் போகச் சத்துமாவு உண்டு. சில அங்கன்வாடிகளைக் காப்பகமாகவும் நடத்தும் பால்னா என்ற திட்டத்தை 2022-இல் மத்திய சர்க்கார் வகுத்தது. வழி தெரிந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. கட்டடம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, குழந்தை இருக்கிறது. கூடுதலாகச் சில மணி நேரமும், அந்த மணி நேரத்துக்கு ஒரு மனுஷியும் தேவை.

அந்த மனுஷியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது பாவம். காப்பகச் செலவைக் குறைக்க மிக எளிய வழி ஒன்று உண்டு. ஆயாவுக்குக் குறைத்துக் கொடுப்பது. தனியார் காப்பகங்கள் பலவற்றிலும் இந்த வழிதான் கைக்கொள்ளப்படுகிறது. மத்திய சர்க்காரோ அங்கன்வாடி ஊழியருக்குத் தான் தருவதைச் சம்பளம் என்று சொல்வதில்லை, மதிப்பூதியம் என்கிறது. 2018-இல் அது மாதம் நாலாயிரத்து ஐந்நூறாக உயர்ந்தது. மாநிலங்கள் அதன்மேல் தங்களால் ஆனதைச் சேர்க்கின்றன. மதிப்பு என்ற சொல்லைப் போட்டு ஊதியத்தைக் குறைக்கும் வித்தையைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் ஒரு கவிஞராகத்தான் இருக்க வேண்டும்! இவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று 2022-இல் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

சட்டப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணையில் அதை எழுதினார்கள். வேலை நடக்கும் இடத்துக்குத் தாய்மாரோடு வரும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அந்தப் பெண்களில் ஒருத்தி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மண் வெட்டுகிறவளுக்கு என்ன கூலியோ அந்தக் கூலி அவளுக்கும் தரப்பட வேண்டும். எவ்வளவு எளிய வரி! கண்மாயில் மண் சுமப்பதும் மரத்தடியில் குழந்தையைப் பார்ப்பதும் ஒரே வேலை, ஒரே கூலி. எத்தனை இடத்தில் அதை நிறைவேற்றினார்கள் என்பது வேறு கதை. எழுதவாவது எழுதினார்கள். பெரிய பெரிய நீதி நூல்கள் சொல்லத் தயங்கியதை ஒரு சட்டத்தின் பின்னிணைப்பு சொல்லிவிட்டது.

என் நண்பரின் மருமகளுக்கு உதவி வேண்டும் என்று நான் வாதாடுகிறேன். ஆனால் அவள் நிம்மதியாக ரசீது போடுவதற்காக இன்னொருத்தி அரைக் கூலிக்கு அவள் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றால், பாரம் இறங்கவில்லை, தோள் மாறியிருக்கிறது. அந்த ஆயாவுக்கும் பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளையை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அநேகமாக ஒரு பத்து வயதுச் சிறுமி. ஒரு நாடு குழந்தைகளுக்காகச் செய்யும் ஏற்பாடு நல்லதா இல்லையா என்று அறிய வேண்டுமானால், காப்பகத்தின் வர்ணச் சுவரைப் பார்க்க வேண்டாம். அங்கே வேலை செய்கிறவளின் பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் போதும்.

பழமொழியில் ‘தானே வளரும்’ என்று ஒரு சொல் வருகிறது. எந்தப் பிள்ளையும் தானே வளர்ந்ததாக உலகத்தில் சரித்திரம் இல்லை. நாம் ஊரார் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் பிள்ளை தானே வளர்கிறது என்றால், ஊரில் யாரோ ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம். ஊரில் எல்லோரும் சேர்ந்து செய்தாலொழியப் பலிக்காத பழமொழி இது. பாதிப் பேர் ஊட்டி, மீதிப் பேர் தங்கள் பிள்ளை தானே வளர்வதை ரசித்துக்கொண்டிருந்தால், ஊட்டுகிறவர்களின் பிள்ளைகள் பட்டினி கிடக்கும்.

என் கணக்கு நண்பருக்கு இந்தக் கட்டுரையை அனுப்பப் போகிறேன். துண்டுக் காகிதத்தில் கழித்தல் போடும்போது, இனிமேல் இரண்டு சம்பளத்தையும் கூட்டி எழுதிவிட்டு அதன் பிறகு கழிக்கும்படி கேட்டுக்கொள்வேன். ஊர் தன் கணக்கைத் திருத்தச் சற்றுக் காலம் பிடிக்கலாம். வீட்டுக் கணக்கை இன்று மாலையே திருத்தலாம்.